கரையில் ஒருவர்

ஜூன் 5, திங்கள்

வான்கூவரில் கப்பல் ஏறினேன். இரண்டாம் தளத்தில் ஜன்னல் இல்லாத அறை. இரும்புக் கட்டில்கள் ஒன்றன்மேல் ஒன்று. மேலே உள்ளது எனக்கு. கீழே கோவாக்காரன் ஒருவன், ஏசி மெக்கானிக். குறட்டை விடுவான் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

வேலை, உதவி எலக்ட்ரீஷியன். படிப்பு, மின்னணுப் பொறியியல். சென்னையில் இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டுக் கப்பலில் பல்பு மாற்றப் போகிறானே என்று அம்மா புலம்பினாள். அவளிடம் காரணம் சொல்லவில்லை. இங்கே எழுதிவைக்கிறேன்.

இந்தக் கப்பலின் சலவைப் பிரிவுக்கு மாஸ்டர் தோபியாஸ் என்பவன். குளச்சல்காரன். நான்கு வருடங்களுக்கு முன் என் அண்ணன் பெல்ஜின் அவனுக்குக் கீழே வேலை பார்த்தான். படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைகளுக்கு நடுவே இழுத்துத் தேய்க்கும் இயந்திரம் ஒன்று உண்டு. அதில் அண்ணனின் வலது கை போனது. நான்கு விரல்கள். தோபியாஸ் எழுதிக்கொடுத்த அறிக்கையில் ஒரே வரி: 'பாதுகாப்புத் தடுப்பை ஊழியர் தாமாகவே கழற்றியிருந்தார்.' அந்த வரியோடு அண்ணனை வீட்டுக்கு அனுப்பினார்கள். இனி எந்தக் கப்பலும் அவனை எடுக்காது.

அந்த வரி பொய். தடுப்பைக் கழற்றவில்லை. அது அதன் இடத்தில்தான் இருந்தது.

தோபியாஸும் இனிக் கப்பல் ஏறக் கூடாது. எப்படி என்று இன்னும் யோசிக்கவில்லை. ஆறு மாத ஒப்பந்தம். அவசரமில்லை. எனக்கு அவசரமில்லை என்று நான் எழுதுவது இதுதான் முதல் தடவை.

ஜூன் 6, செவ்வாய்

பார்த்துவிட்டேன். சலவைப் பிரிவில் உலர்த்தும் இயந்திரம் ஒன்று நின்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள். தோபியாஸ் குள்ளம், வயிறு கொஞ்சம் முன்னால், காதோரம் நரை. மனதில் நான்கு வருடமாக வைத்திருந்த முகம் இதைவிடப் பெரியது.

"எந்த ஊருடே?"

"நாகர்கோவில்."

"நாகர்கோவில்ல எங்கன?"

"டவுண்லதான்."

"பேச்சு கருங்கல் பக்கம் மாதிரில்லா இருக்கு?"

"அம்மைக்க ஊரு அங்க."

பாஸ்போர்ட்டில் அண்ணனுக்கு அப்பா பெயர் பின்னால் வரும், எனக்கு வீட்டுப் பெயர். ஏஜென்ட் செய்த குளறுபடி. அதற்காக அவனோடு ஒரு வருடம் சண்டை போட்டிருக்கிறேன். இப்போது அதுதான் என்னைக் காப்பாற்றுகிறது.

உலர்த்தும் இயந்திரத்தில் பெல்ட் சென்சார்தான் கோளாறு. பத்து நிமிட வேலை.

"லேய், கெட்டிக்காரன்டே நீ," என்றான். "சாயங்காலம் வா. நெத்திலி ஊறுகா வச்சிருக்கேன். இஞ்ச சாப்பாட்டுக்கு நாக்கு செத்துப்போவும்."

போனேன். ஊறுகாய் நன்றாக இருந்தது. அதில் எனக்குக் கோபம்.

ஜூன் 8, வியாழன்

ஸ்ப்ரூஸ் லேண்டிங். வாராவாரம் வியாழக்கிழமை கப்பல் நிற்கும் ஊர். மலை, மழை, மரம். இதைப் பார்க்க இரண்டாயிரம் பேர் பாதி உலகம் தாண்டி வருகிறார்கள். ஊரில் அறுநூறு பேர். வெளியே போகச் சாலை இல்லை. கடல் அல்லது மிதவை விமானம். ஒரு பள்ளிக்கூடம், ஒரு மளிகைக் கடை, பலகை நடைபாதை. மின்கம்பங்களில் நம்மூர்க் காக்கா மாதிரி கழுகுகள் உட்கார்ந்திருக்கின்றன. பயணிகள் அவற்றைப் படம் எடுக்கிறார்கள். கழுகுகள் மீன் வெட்டும் இடத்தைப் பார்க்கின்றன.

பெரிய கப்பல் கரையை ஒட்ட முடியாது. நடுவில் நங்கூரம் போட்டுவிட்டுச் சிறு படகுகளில் ஆட்களைக் கொண்டுபோய் இறக்க வேண்டும். கடல் மட்டம் ஒரு நாளில் ஐந்து மீட்டர் ஏறி இறங்குகிறது. படகுத்துறையே மிதக்கிறது. அதன் கீல்களைப் பார்ப்பதில் எனக்கு அரை மணி நேரம் போனது. இந்த ஊரில் பார்க்க வேண்டியது அது ஒன்றுதான்.

படகுத்துறையில் ஓர் அட்டை வாசிப்பான் வைத்திருக்கிறோம். கரைக்குப் போகிறவர் அட்டையைக் காட்டினால் ஒரு பீப், திரும்பி வந்தால் ஒரு பீப். காவலர் குருங் என்ற நேபாளி. அவர் கையிலிருக்கும் சிறு திரையில் 'கரையில் இருப்பவர்' என்று ஓர் எண் ஓடும். அது பூஜ்யம் ஆனால் கடைசிப் படகு கிளம்பும், நங்கூரம் எடுப்பார்கள். மதியம் மழையில் வாசிப்பான் நின்றுவிட்டது. துடைத்துச் சரிசெய்யும்வரை குருங் அட்டை எண்களைத் தாளில் எழுதினார். அவற்றை நான் திரையில் தட்டினேன். தாளையும் திரையையும் யாரும் ஒப்பிடவில்லை. தாளைக் குருங் கசக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

துறைமுக அலுவலகத்தில் மார்லீன் என்ற பெண். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், உதட்டில் எப்போதும் ஒரு பென்சில். கப்பலைத் தவறவிட்டவர் உண்டா என்று கேட்டேன்.

"போன வருஷம் ஒருத்தர். வானிலை மோசம், விமானம் வரலை. நாலு நாள் பள்ளிக்கூட ஹால்ல படுத்தார். போகும்போது மீன் சுத்தம் பண்ண நல்லாவே கத்துக்கிட்டார்."

"கப்பல் ஊழியரா?"

"பயணி. ஊழியரா இருந்தா சிரிக்க மாட்டேன்."

ஏன் என்று குருங் விளக்கினார். ஊழியர் கப்பலைத் தவறவிட்டால் ஓடிப்போனவர் என்று எழுதுவார்கள். விசா ரத்து. பெயர் கறுப்புப் பட்டியலில் ஏறும். அதோடு கடல் வாழ்க்கை முடிந்தது.

தோபியாஸுக்குச் சர்க்கரை நோய். டாக்டர் நடக்கச் சொன்னாராம். ஒவ்வொரு வியாழனும் ஒரு மணிக்கு இறங்கி ஏரிப் பாதையில் தனியாக நடந்துவிட்டு நான்கு மணிக்குத் திரும்புவான். கடிகாரம் தோற்கும்.

வழி கிடைத்துவிட்டது.

ஜூன் 10, சனி

கோவாக்காரன் குறட்டை. எதிர்பார்த்ததுதான்.

ஜூன் 12, திங்கள்

சலவைப் பிரிவில் அந்த உருளை இயந்திரம். அண்ணனின் இயந்திரம். நிற்கிறது, ஓடுகிறது, நிற்கிறது. தோபியாஸ் கத்திக்கொண்டிருந்தான். இரவுக்குள் மூவாயிரம் விரிப்புகள் போயாக வேண்டும்.

கை வைக்குமிடத்தில் ஒரு நீளமான தடுப்புப் பட்டை இருக்கும். விரல் பட்டு அது அசைந்தால் உருளைகள் நின்றுவிட வேண்டும். ஈரப்பதம் ஏறினால் விரல் படாமலேயே நிறுத்தும். இந்த மாடலின் பழைய நோய். நான் பெட்டியைத் திறக்காமலேயே சென்சார் எந்த மூலையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

"இந்த மெஷின முன்ன எங்கயும் பாத்திருக்கியா?" என்றான் தோபியாஸ்.

"படிச்சிருக்கேன்."

"இதெல்லாம் பாடத்துல வருமா?"

புது சென்சார் போட்டேன். முறையாகச் செய்தால் நாற்பது நிமிடம். முறையாகச் செய்யத்தான் வேண்டும். அதை இங்கே எழுதத் தேவையில்லை, எழுதிவிட்டேன்.

நான் மூன்றாம் வருடம் படித்தபோது அண்ணன் அடிக்கடி வீடியோவில் கூப்பிடுவான். இயந்திரத்தைக் காட்டி, 'இது எதுக்குடே இப்படிப் பண்ணுகு?' என்பான். பெரும்பாலும் எனக்குப் பரீட்சை நேரமாக இருக்கும். இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவேன்.

ஜூன் 15, வியாழன்

ஸ்ப்ரூஸ் லேண்டிங், இரண்டாவது தடவை. மழை. வாசிப்பான் மறுபடி நின்றது. குருங் எழுத, நான் தட்டினேன். கரையில் நின்றபடியே என் எண்ணையும் சேர்த்துத் தட்டினேன். கப்பல் நான் உள்ளே இருப்பதாக நம்பியது. இரண்டு மணி நேரம் ஒருவரும் என்னைத் தேடவில்லை. திரும்பி ஏறும்போது அட்டையைக் காட்டினேன். 'நீ ஏற்கெனவே உள்ளேதானே இருக்கிறாய்' என்று அது கேட்கவில்லை. ஒரு பீப். அவ்வளவுதான். இதை வடிவமைத்தவனை வேலையை விட்டு எடுக்க வேண்டும்.

அந்த இரண்டு மணி நேரமும் தோபியாஸோடு ஏரிப் பாதையில் நடந்தேன். பாதையை அளந்துவைக்க வேண்டியிருந்தது. மரங்கள் ஒவ்வொன்றும் கோயில் கொடிமரம் உயரம். தரையெல்லாம் பாசி. தொலைபேசி சிக்னல் முதல் வளைவிலேயே போய்விட்டது. கப்பல் சங்கு ஊதினாலும் உள்ளே கேட்காது. குறித்துக்கொண்டேன்.

தோபியாஸ் உரக்க வேதப்பாட்டுப் பாடிக்கொண்டு நடந்தான். சுருதி சுத்தமாக இல்லை.

"எதுக்கு மாஸ்டர் இந்தக் கத்து?"

"கரடி நிக்கும்டே. சத்தம் கேட்டா வெலகிப் போவுமாம். போர்டுல எழுதியிருக்குல்லா."

"உங்க பாட்டக் கேட்டா செத்தே போவும்."

"எங்க குருவானவரும் அதத்தான் சொன்னாரு," என்று சிரித்தான். பிறகு ஒரு மரப்பாலத்தில் உட்கார்ந்து காலணியைக் கழற்றிப் பாதத்தைத் தடவிப் பார்த்தான். சர்க்கரைக்காரர்களுக்குக் காலில் காயம் பட்டால் தெரியாதாம்.

அப்போது கேட்டேன். "முன்ன ஒங்க செக்‌ஷன்ல ஒருத்தனுக்குக் கை போச்சாமே?"

காலணிக் கயிற்றை இரண்டு தடவை கட்டினான்.

"நல்ல பையன். வேலைன்னா உசிரு. அவனுக்கு யாரோ ஒரு வெவரம் தெரிஞ்ச மடையன் புத்தி சொல்லிக் குடுத்துருக்கான், கேட்டியா. அதுல போச்சு."

"யாரு?"

"அது எதுக்கு இப்ப?"

"அறிக்கைய எழுதுனது நீங்கதானே?"

"எழுதத்தானே வேணும்."

எனக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லித் திரும்பி நடந்தேன். நேரம் ஆகவில்லை. இருபத்தெட்டு நிமிடம் இருந்தது.

ஜூன் 17, சனி

அண்ணனோடு பேசினேன். கருங்கல் சந்திப்பில் பத்திரிகை ஏஜென்சி எடுத்திருக்கிறான். விடியுமுன் கட்டுகளைப் பிரித்து அடுக்க வேண்டும். இடது கையால் எண்ணுவான், வலது மணிக்கட்டால் அமுக்கிப் பிடிப்பான். நான் வேறொரு கப்பலில், வேறொரு கடலில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

"குளுருதா?"

"ம்."

"கம்பளி வச்சிருக்கியா?"

"நான் என்ன சின்னப் பிள்ளையா?"

"இல்லடே. கேட்டேன்."

எப்போதும் இப்படித்தான். நான்கு வருடமாக ஒரு தடவைகூடக் கோபப்பட்டதில்லை. அவனுக்கும் சேர்த்து நான்தான் கோபப்பட வேண்டியிருக்கிறது.

ஜூன் 20, செவ்வாய்

தோபியாஸ் மறுபடி ஊறுகாய் தந்தான். இந்தத் தடவை பாட்டிலோடு. வியாழக்கிழமைக்கு முன் தின்று தீர்த்துவிட வேண்டும். பிறகு அது தொண்டையில் இறங்காது.

ஜூன் 22, வியாழன்

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

காலையில் படகுத்துறை வாசிப்பானின் ரப்பர் மூடியைச் சரியாக அழுத்தவில்லை. மழை மட்டும் காரணம் இல்லை என்பதற்காக இதை எழுதுகிறேன்.

ஒரு மணிக்குத் தோபியாஸ் இறங்கினான். மஞ்சள் மழைக்கோட்டு. "வாறியாடே?" என்றான். வேலை இருக்கிறது என்றேன்.

ஒன்றரைக்கு வாசிப்பான் செத்தது. குருங் தாளை எடுத்தார்.

இரண்டே காலுக்குக் கப்பலிலிருந்து ரேடியோ. காற்று திரும்புகிறது, நங்கூரம் பிடிக்காது, எல்லாரும் மூன்று மணிக்குள் திரும்ப வேண்டும். ஒரு மணி நேரம் காத்திருந்து கதவை உடைக்கலாம் என்று போனவனுக்குக் கதவே திறந்துகொண்ட மாதிரி. நான் போட்ட திட்டத்தில் அவன் வரும் வழியில் அவனைத் தாமதப்படுத்த வேண்டியிருந்தது. இப்போது அதுவும் வேண்டாம்.

மார்லீன் ஒலிபெருக்கியோடு தெருவில் ஓடினாள். பயணிகள் பைகளோடு ஓடினார்கள். திரையில் எண் இறங்கியது. நானூறு, தொண்ணூறு, பன்னிரண்டு, மூன்று. மூன்று மணிக்கு, எங்கள் இருவர் எண்ணையும் தட்டிய பிறகு: ஒன்று.

"யாரது?" என்றார் குருங்.

"தோபியாஸ் மாஸ்டர். முந்தின படகிலேயே போய்ட்டார். நீங்க அந்த வீல்சேர் அம்மாவோட இருந்தீங்க. எண் போட மறந்துட்டேன்."

தட்டினேன். பூஜ்யம்.

குருங் என் முகத்தைப் பார்க்கவில்லை. மழை கண்ணில் அடித்துக்கொண்டிருந்தது. என்னை நம்பினார். கடைசிப் படகு கிளம்பியது.

மூன்று இருபதுக்கு அறைக்கு வந்தேன். ஊரில் அப்போது விடியற்காலை ஐந்து மணி இருக்கும். அண்ணன் கடையில் இருப்பான் என்று கூப்பிட்டேன்.

"அண்ணா, தோபியாஸ் கதை முடிஞ்சுது."

"எந்தத் தோபியாஸ்?"

"எத்தன தோபியாஸ் இருக்கான் நமக்கு?"

தாள் சரசரக்கும் சத்தம் நின்றது. "நீ எந்தக் கப்பல்லடே இருக்க?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். சத்தமாக, வேகமாக, தேர்வில் முழு மதிப்பெண் வாங்கிய செய்தி சொல்வது மாதிரி.

"எதுக்குடே?" என்றான்.

"ஒனக்காகத்தான்."

"நான் கேட்டனா?"

"கேக்கணுமா? அந்த ஒரு வரியால ஒன் வாழ்க்கைய..."

"லிபினே. அந்தச் சென்சாருக்கு மேல காந்தத்த வைக்கச் சொன்னது யாரு?"

சிக்னல் சரியில்லை என்றேன்.

"சிக்னலெல்லாம் நல்லாத்தான் இருக்கு. யாரு சொன்னா?"

"ஒரு ஷிப்டுக்குத்தான் சொன்னேன். பெறவு எடுத்துரணும்னு சொன்னேன்லா?"

"சொல்லல்ல. 'ஒரு காந்தத்த ஒட்டு, தடுப்பு அசைஞ்சாலும் மெஷின் நிக்காது, நாளைக்கு எனக்குப் பரீட்ச'ன்னு சொல்லிட்டு வச்ச. நானும் வச்சேன். ரெண்டு மாசம் வேல பறந்துது. மெடல் வேற குடுத்தாங்க."

எழுந்து அறைக் கதவைச் சாத்தினேன்.

"அம்மைக்கிட்ட சொல்லல்ல. யாருட்டயும் சொல்லல்ல. பழி வாங்கணும்னா நான் மொதல்ல ஒன்னத்தான்டே வாங்கணும். நாலு வருசமா வாங்காம இருக்கேன். தெனமும் காலைல எந்திரிச்சு இந்தக் கையப் பாத்துட்டு, வாங்காம இருக்கேன். அது அவ்வளவு லேசாவா தெரியுது ஒனக்கு?"

வைத்துவிட்டான்.

மூன்று நாற்பதுக்கு நங்கூரச் சங்கிலி ஏறும் அதிர்வு கட்டிலில் தெரிந்தது. கப்பல் திரும்பியது.

நான் எழுந்திருக்கவில்லை. நடந்தது நடந்தது, அவனும் உத்தமன் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் கப்பலைத் தவறவிடுவான், பள்ளிக்கூட ஹாலில் படுப்பான், விசா போகும். அவ்வளவுதானே நான் கேட்டது. பிறகு, கோளாறு தேடும்போது வருவது போல, ஒன்று புலப்பட்டது. தவறவிட்டவனைத் தேடுவார்கள். இவனைத் தேட மாட்டார்கள். கப்பலின் கணக்கில் அவன் தன் அறையில் தூங்கிக்கொண்டிருக்கிறான். நாளைக் காலை வேலைக்கு வராதபோதுதான் தெரியும். இப்போது நான்கு மணி. வழக்கப்படி அவன் துறைக்கு வந்திருந்தால், மார்லீன் பார்த்து ரேடியோவில் சொல்லியிருப்பாள். என் இடுப்பிலிருந்த வேலை ரேடியோ சும்மா இருந்தது. அப்படியென்றால் அவன் துறைக்கு வரவில்லை. கடிகாரம் தோற்கும் மனிதன் வரவில்லை.

நான்கு பத்துக்கு மேல்தளத்தில் கப்பலைச் செலுத்தும் அறைக்கு ஓடினேன். ஊழியர் அந்த வழியில் போகக் கூடாது. கதவைத் திறந்த அதிகாரியிடம், "கரையில் ஒருவர் இருக்கிறார். எண்ணை நான் போட்டேன். தெரிந்தே போட்டேன்," என்றேன். அவர் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் அதையே சொன்னேன்.

கப்பல் மலைகளுக்கு இடையிலான கடல்வழியின் அகலமான இடத்தில் நின்றது. மார்லீனுக்குச் செய்தி போனது. ஏரிப் பாதை தொடங்கும் இடத்தில் ஒரு தகரப் பெட்டிக்குள் நோட்டு இருக்குமாம். உள்ளே போகிறவர் பெயர் எழுதிவிட்டுப் போவார், திரும்பினால் பெயரை அடித்துவிடுவார். நான் அதைக் கவனித்ததே இல்லை. 'தோபியாஸ், 1.20' என்று இருந்ததாம், அடிக்கப்படாமல். ஊரின் தீயணைப்புத் தொண்டர்கள் ஏழு பேர் போனார்கள். தபால்காரர், பள்ளிக்கூட ஆசிரியை, அப்படி.

ஐந்தே முக்காலுக்குக் கண்டுபிடித்தார்கள். ஏரிக்கு அருகில் சரிவில் வழுக்கிக் கணுக்கால் முறிந்து கிடந்திருக்கிறான். நனைந்து, நடுங்கி, சர்க்கரை இறங்கி, பேச்சுக் குழறி. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் என்று ரேடியோவில் மார்லீன் ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. ஒரு மீன்பிடிப் படகில் கொண்டுவந்து ஏற்றினார்கள்.

தூக்குப் படுக்கையை நான் தூரத்திலிருந்து பார்த்தேன். மஞ்சள் கோட்டின்மேல் யாரோ தன் கம்பளியைப் போர்த்தியிருந்தார்கள்.

அவனைப் பார்த்து எனக்கு இரக்கம் வந்தது என்று எழுதினால் பொய். உயிரோடு இருக்கிறான் என்பதில் நிம்மதி. இரண்டும் வேறு.

ஜூன் 23, வெள்ளி

வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வான்கூவரில் இறக்கிவிடுவார்கள். அதுவரை அறையை விட்டு வெளியே போகக் கூடாது. நாளை மாலை ஐந்துக்குள் வாக்குமூலம் எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும்.

முதல் பக்கத்தில் நேற்று நடந்தது. குருங் மீது தவறில்லை, நான் பொய் சொன்னேன் என்று தனி வரியாக எழுதினேன்.

'எதற்காகச் செய்தீர்கள்' என்று ஒரு கேள்வி இருந்தது. அதற்குத் தனியாக இன்னொரு தாள் எடுத்தேன். நான்கு வருடங்களுக்கு முன் தொலைபேசியில் இரண்டு நிமிடத்தில் நான் சொன்னதை எழுதினேன். காந்தம், எந்த மூலை, எந்தச் சென்சார். படம்கூடப் போட்டேன். பிறகு தோன்றியது: ஒவ்வொரு திங்களும் அந்த இயந்திரத்தைச் சோதித்துக் கையெழுத்திட வேண்டியவன் சலவை மாஸ்டர். இரண்டு மாதம் என்றால் எட்டு திங்கள். எட்டு தடவையும் அவன் கண்ணில் அந்தக் காந்தம் படாமல் இருக்க முடியாது. அதையும் எழுதினேன்.

இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

ஜூன் 24, சனி

மதியம் கதவு தட்டப்பட்டது. தோபியாஸ். ஊன்றுகோல், கட்டுப்போட்ட கால். கோவாக்காரன் எழுந்து வெளியே போய்விட்டான். தோபியாஸ் கீழ்க் கட்டிலில் மெதுவாக உட்கார்ந்தான். வாயோரம் இன்னும் வெளுத்திருந்தது.

"மொத வாரமே தெரியும்டே," என்றான். "கோவம் வந்தா ஒனக்கு மூக்கு வெடைக்கும். அவனுக்கும் அப்படித்தான். மெஷினத் தொறக்காமலே மூலையச் சொன்னப்ப, காந்தத்துக்குச் சொந்தக்காரன் யாருன்னும் தெரிஞ்சுது."

"பின்ன எதுக்கு ஊறுகா தந்தீரு?"

அவனை 'நீரு' என்றது அதுதான் முதல் தடவை. அவனும் கவனித்தான்.

"ஊர்க்காரப் பையன். பசிச்ச மூஞ்சி." காலை இரண்டு கையாலும் தூக்கிக் கட்டிலில் வைத்தான். "நீ ரெண்டு பக்கம் எழுதியிருக்கியாம்."

"யாரு சொன்னா?"

"கப்பல்ல சொவருக்கும் காது உண்டு. மொதப் பக்கம் சரி. அதுக்குக்கூட நான் ஒரு வழி சொல்லுகேன் கேளு. மழ. ரீடர் கெட்டுப்போச்சு. நம்பர் மாறி விழுந்துட்டு. பையன் பயந்துட்டான், வாய்க்கு வந்ததச் சொல்லிட்டான். நானே போய்ச் சொல்லுகேன். காலொடிஞ்சவனே சொன்னா யாரு மறுத்துப் பேசுவா? கேப்டனுக்கும் அதுதான் நிம்மதி. ஒன் வேலையும் தப்பும்."

"ரெண்டாவது பக்கம்?"

"அதக் கிழிச்சிரு."

இரண்டாம் தாளை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்தேன்.

"ஒண்ணு மட்டும் சொல்லும். காந்தத்தப் பாத்தீரா, இல்லியா?"

கண்ணை எடுக்காமல் பார்த்தான். "பாத்தேன்."

"எப்ப?"

"வச்ச மறுநாளே."

"பின்ன?"

"மூவாயிரம் விரிப்புடே. மேல இருந்து மூணு தடவ போன் வரும். மெஷின் நிக்காம ஓடுச்சு. ஒரு வாரம் பாப்போம்னு நெனச்சேன். பெறவு கண்ணுக்குப் பழகிப் போச்சு."

"கழட்டிருந்தான்னு ஏன் எழுதுனீரு?"

"காந்தம்னு எழுதுனா, 'நீ பாக்கலியா'ன்னு கேப்பான்லா." அவன் குரல் இறங்கியது. "எனக்கு ரெண்டு பொட்டப் பிள்ளைய. மூத்தவளுக்கு தையில கல்யாணம். நீ என்னக் காட்டுல விட்டுட்டு வந்த. நான் ஒன்னப் பத்தி ஒரு வார்த்த தப்பாச் சொல்லல்ல. பதிலுக்கு ஒரு தாளக் கேக்கேன்."

கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. வேலை தப்பும். அம்மாவிடம் எதுவும் சொல்ல வேண்டாம். அவனும் நானும் இன்னும் ஐந்து மாதம் ஒரே கப்பலில், ஒருவர் மற்றவரைக் காப்பாற்றிக்கொண்டு, நெத்திலி ஊறுகாய் தின்றுகொண்டு இருக்கலாம். அண்ணனுடைய கோப்பில் மட்டும் அந்த வரி அப்படியே இருக்கும். கழற்றியிருந்தார். தாமாகவே.

"ரெண்டு பக்கமும் சேந்துதான் போவும்," என்றேன்.

"ஒனக்கும் போவும்லே. சென்னையிலகூட இந்தப் பேரு பின்னால வரும்."

"தெரியும்."

"என்னப் பழி வாங்க ஒன் கழுத்தையும் சேத்து அறுக்கியே. கிறுக்காடே ஒனக்கு?"

"ஒம்மள மட்டும் இல்ல."

அவனுக்கு அது உடனே புரியவில்லை. புரிந்தபோது ஊன்றுகோலைத் தேடி எடுத்து எழுந்தான். தடுமாறினான். நான் கை கொடுக்கவில்லை. அவனும் கேட்கவில்லை. கதவருகே நின்று, "பெல்ஜின் எப்படி இருக்கான்?" என்றான்.

"நீரே கேளும். நம்பர் தாறேன்."

ஊன்றுகோலால் கதவைத் தள்ளித் திறந்தான். போய்விட்டான்.

நாலரைக்கு இரண்டு பக்கங்களிலும் கையெழுத்துப் போட்டேன். இரண்டாம் பக்கத்தின் தலையில், விபத்துக்குப் பொறுப்பானவர்கள் என்று எழுதி, ஒன்றாவது என் பெயர், இரண்டாவது தோபியாஸ் பெயர். அதைப் படமெடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். பிறகு காவலர் ஒருவர் துணையோடு மேலே கொண்டுபோய்க் கொடுத்தேன். அதிகாரி படித்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி படித்தார். அந்தப் பழைய கோப்பைத் திறக்க வேண்டியிருக்கும் என்றார். அதற்காகத்தான் கொடுக்கிறேன் என்றேன்.

ஜூன் 25, ஞாயிறு

நாளை வான்கூவர். பெட்டி கட்டிவிட்டேன்.

அண்ணன் படத்தை நேற்றே பார்த்துவிட்டான். பதில் இன்று மதியம்தான் வந்தது. நலமா என்று இல்லை, அழவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. ஒரே வரி.

'ஒன் பேர மொதல்ல போட்டது சரிதான்.'